சேலம், நாமக்கல் சமவெளியில் மைசூர் ஆட்சியின் சுவடுகள்

சேலத்தில் காணத்தக்க இடங்கள் எவை என வினவுவோருக்கு ஏற்காட்டு மலையும், 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையும், தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் சிற்பங்களும் முதலில் எடுத்துரைக்கப்படுகின்றன. நாமக்கல்லுக்குச் செல்வோர் ஆஞ்சநேயரின் பேருருவச் சிலையையும் கொல்லிமலையையும் கண்டு திரும்புகின்றனர். நம் சமுதாயத்தினர் வரும்போது மட்டும் இப்பட்டியலில் மேலும் மூன்று இடங்கள் சேர்கின்றன. சேலத்தில் திருமணிமுத்தாற்றங்கரையிலுள்ள ஜாமிஆப் பள்ளிவாசல், நாமக்கல் கோட்டை, சங்ககிரிக் கோட்டை என்பன அவை. மூன்றுக்கும் ஒரே விளக்கமே தரப்படுகிறது. "இது திப்பு சுல்தான் காலத்தது" என்ற அவ்விளக்கத்தைக் கேட்டு மனம் நிறைந்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு நாமும் இறங்கி வந்துவிடுகிறோம்.

அவ்விளக்கத்தில் உண்மை எவ்வளவு, மரபுச் செய்தி எவ்வளவு என்பதைப் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திப்புவின் பெருமையைக் குறைப்பது நம் கருத்தன்று. அவருக்கு உரியதல்லாததை அவர்மீது ஏற்றிச் சொல்வதால் அவருக்குப் பெருமை சேர்வதில்லை. அதனால் அவருக்கும் நமக்கும் உண்மையிலேயே உரியவை மறைந்து போகின்றன.

திருமறை காட்டும் பயணம்

பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் காணுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதரை அழைக்கிறது. அர்ரூம் அத்தியாயத்தின் ஒன்பதாம் வசனம், முன்சென்றோர் ஆற்றலில் மிக்கவராய் இருந்ததையும், நிலத்தைப் பண்படுத்தியதையும், கட்டடங்களை எழுப்பியதையும் நினைவூட்டுகிறது. இடிந்த மதிலும் வற்றிய சுனையும் அவ்வகையில் நமக்குப் பாடமாகின்றன. அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனமோ, தமக்கே பாதகமாயினும் நீதியின் மீது நின்று சாட்சியம் அளிக்குமாறு இறைநம்பிக்கையாளரைப் பணிக்கிறது. வரலாறு எழுதுவதும் சொல்வதும் ஒருவகைச் சாட்சியமே. ஆகவே, இவ்விரு கட்டளைகளும் ஒன்றையொன்று தழுவி நிற்பனவாக நாம் கொள்கிறோம்.

1377இல் 'முகத்திமா' என்னும் தம் பெருநூலை வரைந்த இப்னு கல்தூன், வரலாற்றில் பொய் நுழைவதற்கான காரணங்களை வகுத்தபோது, ஒரு கருத்தின் மீதோ பிரிவின் மீதோ கொண்ட சார்பினையே முதலில் வைத்தார். சார்பு கொண்ட உள்ளம் தனக்கு இனிய செய்தியை ஆராயாமல் ஏற்றுக்கொள்ளும் என்பது அவர் கண்ட உண்மை. கோட்டைகளின் மீது ஏறும்போது இவ்வெச்சரிக்கை நமக்கும் தேவைப்படுகிறது.

முப்பத்தோராண்டுக் காலம்

முதலில் காலக்கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இப்பகுதி மதுரை நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தபோது, தாரமங்கலத்தைச் சேர்ந்த கெட்டி முதலியார் என்னும் குறுநில மரபினர் இதன் பெரும்பகுதியை ஆண்டனர். பதினேழாம் நூற்றாண்டில் மைசூர் உடையார்கள் தெற்கு நோக்கிப் படர்ந்தனர். 1673 முதல் 1704 வரை ஆண்ட சிக்க தேவராசர் காலத்தில் சேலம் நாடு மைசூரின் பகுதியாயிற்று. எனவே ஹைதர் அலீ மைசூரில் அதிகாரத்தைக் கைக்கொண்ட 1761ஆம் ஆண்டுக்கு இரண்டு மூன்று தலைமுறைகள் முன்னதாகவே இங்கு மைசூர் ஆட்சி வேர்கொண்டிருந்தது. மைசூர்க் காலம் என்றவுடன் ஹைதர், திப்பு காலம் எனப் பொருள்கொள்வது இதனால் பொருந்தாது.

ஹைதர் அலீ 1782 டிசம்பரில் மறைந்தார். திப்பு சுல்தான் அரியணை ஏறினார். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச்சில் கையெழுத்தான சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. தம் மைந்தர் இருவரைக் கும்பினியாரிடம் பிணையாக ஒப்படைக்கவும் நேர்ந்தது. அவ்வுடன்படிக்கையில் கும்பினியார் பெற்ற பகுதிகளுள் பாராமகாலும் சேலமும் அடங்கும்.

ஆக, தந்தையும் மைந்தரும் சேர்ந்து இச்சமவெளியை ஆண்ட காலம் முப்பத்தோராண்டு. திப்பு மட்டும் ஆண்டது பத்தாண்டுக்கும் குறைவு. அக்குறுகிய காலத்திலும் பெரும்பகுதி போரிலும் போருக்கான ஆயத்தத்திலும் கழிந்தது. இங்குள்ள மதில்கள் அனைத்தையும் அவர் எழுப்பினார் என்பது காலக்கணக்குக்கே ஒவ்வாத கூற்று. அவர் கட்டப்பட்ட கோட்டைகளைப் பெற்றார், அவற்றைக் காத்தார், பின்னர் இழந்தார்.

சேலம்: கோட்டையும் செவ்வாய்ப்பேட்டையும்

சேலத்தில் கோட்டை என்பது இன்று ஒரு பகுதியின் பெயராகவே எஞ்சியுள்ளது. கோட்டை மாரியம்மன் கோயில், அழகிரிநாதப் பெருமாள் கோயில், சுகவனேசுவரர் கோயில், ஜாமிஆப் பள்ளிவாசல் ஆகியவை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே செல்லும் தொலைவில் அமைந்துள்ளன. இப்பள்ளியில் திப்பு சுல்தான் தொழுதார் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் மரபுச் செய்தி. அதனை மரபுச் செய்தியாகவே சொல்வது முறை. ஓர் ஊர் மக்கள் ஒரு மன்னரைத் தம் தொழுகை வரிசையில் நின்றவராக நினைவுகூர்ந்து வந்துள்ளனர் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும்.

பள்ளியின் அருகே ஓடும் திருமணிமுத்தாறு இன்று நகரின் கழிவுநீரைச் சுமந்து செல்கிறது. தூய்மையை ஈமானின் பகுதியாகக் கற்ற நாம், தொழுகைக்கு உறுப்புத் தூய்மை செய்த முன்னோரின் ஆற்றங்கரை இவ்வாறு ஆனதைக் கண்டும் காணாதார் போல் கடந்துவிட இயலாது.

சேலத்துக்கு வருவோர் அறிய வேண்டிய மற்றோர் இடம் செவ்வாய்ப்பேட்டை. சுற்றுலா வழிகாட்டிகள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கு எழுந்த ஒரு பள்ளிவாசலின் முன்பாகக் கோயில் ஊர்வலங்கள் இசையுடன் செல்வது குறித்து எழுந்த பிணக்கு, 1882 ஆகஸ்டில் பெருங்கலவரமாக மூண்டது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. உயிர்கள் பறிபோயின. நகராட்சி உறுப்பினராயிருந்த வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார் கலவரத்தைத் தூண்டியவர் எனக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவ்வழக்கே அவரை நாடறியச் செய்தது.

அதே விஜயராகவாச்சாரியார் 1920 டிசம்பரில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கிலாபத் கோரிக்கையையும் உள்ளடக்கிய ஒத்துழையாமைத் திட்டம் அம்மாநாட்டிலேயே உறுதி செய்யப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்னர், ஆகஸ்டில், காந்தியடிகளும் மௌலானா ஷௌகத் அலீயும் சென்னை மாகாணமெங்கும் ஒரே மேடைகளில் தோன்றிப் பேசியிருந்தனர். 1882இன் காயத்தை 1920 ஆற்றிவிட்டது எனக் கூற நாம் முன்வரவில்லை. ஆயினும் ஓர் ஊரின் வரலாறு ஒரு கலவரத்தோடு உறைந்து நின்றுவிடுவதில்லை என்பதை இந்த முப்பத்தெட்டு ஆண்டுகள் காட்டுகின்றன. கலவரத்தை மறைத்து ஒற்றுமையை மட்டும் பேசுவதும், ஒற்றுமையை மறந்து கலவரத்தை மட்டும் பேசுவதும் அரைச் சாட்சியமே.

நாமக்கல்: ஒரே பாறையில் பல காலங்கள்

திருமணிமுத்தாறு சேலத்திலிருந்து தெற்கே ஓடி, நாமக்கல் மாவட்டத்தின் வழியாகச் சென்று காவிரியில் கலக்கிறது. 1997 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராக விளங்கும் நாமக்கல்லின் நடுவே, ஏறத்தாழ 200 அடி உயரமுள்ள ஒற்றைப் பாறை நிமிர்ந்து நிற்கிறது. அதன் அடியில் இரு குடைவரைக் கோயில்கள் உள்ளன. ஒன்று நரசிம்மருக்கும், மற்றொன்று அரங்கநாதருக்கும் உரியது. எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தனவாகக் கருதப்படும் இவற்றுள் அரங்கநாதர் குடைவரையை அங்குள்ள கல்வெட்டு அதியேந்திர விஷ்ணுக்கிருகம் எனக் குறிக்கிறது. சங்க இலக்கியம் போற்றும் அதியமான் மரபின் பெயர் அதில் நிலைத்திருக்கிறது.

தென்மேற்குப் பக்கம் பாறையில் வெட்டப்பட்ட குறுகிய படிகள் வழியே மேலே ஏறினால், ஒன்றரை ஏக்கர் அளவுள்ள சமதளத்தைச் சுற்றிக் கோட்டை மதில் நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இராமச்சந்திர நாயக்கர் இதனைக் கட்டினார் என்பது பெரிதும் வழங்கும் கருத்து. மைசூர் அரசின் அலுவலர் ஒருவர் கட்டினார் எனக் கூறுவாரும் உளர். இரண்டில் எதனைக் கொண்டாலும், இக்கோட்டை ஹைதருக்கு முற்பட்டதேயாகும்.

இக்கோட்டைக்கும் ஹைதருக்கும் உள்ள தொடர்பு முதலாம் மைசூர்ப் போரில் தெளிவாக விளங்குகிறது. 1768இல் கும்பினியின் தளபதி கர்னல் உட், சேலம், ஆத்தூர், நாமக்கல், ஈரோடு எனக் கோட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டே சென்றார். பிடித்த ஒவ்வொரு கோட்டையிலும் சிறு காவற்படையை விட்டுச் சென்றதால் அவரது படை மெலிந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஹைதர் மலையிறங்கி வந்து அவற்றை விரைந்து மீட்டார். நாமக்கல்லும் அவ்வாறே மீண்டது. பின்னர் அவர் சென்னையின் வாயில்வரை குதிரைப்படையுடன் சென்று, 1769 ஏப்ரலில் கும்பினியாரைத் தம் நிபந்தனைகளுக்கு இணங்கச் செய்தார். நாமக்கல் மதில்மீது நின்று சுற்றிலும் பார்ப்போருக்கு இப்போரின் போக்கு எளிதில் விளங்கும். இச்சமவெளியில் தனித்து நிற்கும் பாறை ஒன்றைப் பிடிப்பது எளிது. சூழ்ந்துள்ள நாட்டைத் தம் பக்கம் வைத்திராதவர் அதனைக் காப்பது அரிது.

பாறையின் உச்சியில் வரதராசப் பெருமாள் கோயிலும், முஸ்லிம் வழிபாட்டு அடையாளம் தாங்கிய ஒரு சிறு கட்டடமும் அருகருகே உள்ளன. பின்னதைப் பள்ளிவாசல் என்பாரும் தர்கா என்பாரும் உண்டு. கோட்டைக்குள் காவற்படையினர் வாழ்ந்த காலத்தை எண்ணினால் இந்த அண்மை வியப்புக்குரியதன்று. திப்புவின் தலைநகராகிய சீரங்கப்பட்டணத்துக் கோட்டைக்குள்ளும் பழைமையான அரங்கநாதசுவாமி கோயிலும், திப்பு எழுப்பிய மஸ்ஜிதே அஃலாவும் ஒரே மதிலுக்குள் இன்றும் நிற்கின்றன. வெவ்வேறு முறையில் இறைவனை வணங்கிய வீரர்கள் ஒரே வாயிலைக் காத்தனர். ஒரே சுனையில் நீர் அருந்தினர்.

சங்ககிரி: தூக்குமேடையும் தஸ்தகீர் மக்கானும்

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு வழியாக வடமேற்கே சென்றால் சங்ககிரியை அடையலாம். கடல் மட்டத்திலிருந்து 2,300 அடிக்கு மேல் உயர்ந்த இம்மலையில் ஒன்றன்மேல் ஒன்றாக மதில்களும் வாயில்களும் அடுக்கப்பட்டுள்ளன. விசயநகரக் காலத்தில் தொடங்கப்பட்ட இக்கோட்டையைப் பின்வந்த ஒவ்வோர் அரசும் பயன்படுத்தியது. திப்புவுக்கு இது வலிமையான காவல் தளம். அவருக்குப்பின் கும்பினியாருக்குக் கொங்கு நாட்டின் வரிப்பணத்தைக் குவித்து வைக்கும் இடம். தானியக் களஞ்சியமும், சுனைகளும், சென்னகேசவப் பெருமாள் கோயிலும், தஸ்தகீர் மக்கான் என வழங்கும் தர்காவும் இம்மலையில் உள்ளன.

'தஸ்தகீர்' என்பது கைகொடுத்து உதவுபவர் எனப் பொருள்படும் பாரசீகச் சொல். 1166இல் பக்தாதில் மறைந்த முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களைக் குறிக்கும் சிறப்புப் பெயராகத் தென்னிந்திய முஸ்லிம்களிடையே அது பெரிதும் வழங்குகிறது. அப்பெரியாரின் நினைவைப் போற்றும் இடங்கள் அவர் அடங்கப்பெற்ற பக்தாதுக்கு வெகு தொலைவிலும் காணப்படுகின்றன. இலங்கையில் பலாங்கொடை அருகேயுள்ள தப்தர் ஜெய்லானி அவற்றுள் நன்கறியப்பட்டது. மலையுச்சிகளும் குகைகளும் தனித்திருந்து இறைவனை நினைப்பதற்கு ஏற்றனவாகக் காதிரிய்யா வழியினரால் கருதப்பட்டன. போர்க்கோட்டை ஒன்றில் இத்தகைய பெயர் நிலைத்திருப்பது நாம் நின்று எண்ணத்தக்கது.

சங்ககிரியின் பெயரைத் தமிழகமெங்கும் அறியச் செய்தவர் தீரன் சின்னமலை. கும்பினியார் அவரை 1805 சூலை 31 அன்று இம்மலையில் தூக்கிலிட்டனர். ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டாம் நாளில் அவருக்கு இங்கு வீரவணக்கம் செலுத்தப்படுகிறது. கொங்கு நாட்டு வாய்மொழி வரலாறு அவரைப் பற்றி இரு செய்திகளைக் கூறுகிறது. இளமையில் அவர் மைசூருக்குக் கொண்டு செல்லப்பட்ட வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்தார் என்பது ஒன்று. பின்னாளில் அவரே தம் கொங்குப் படையுடன் திப்புவின் பக்கம் நின்று கும்பினியாரை எதிர்த்தார் என்பது மற்றொன்று. நம் மேடைகளில் பின்னதை மட்டும் சொல்வது வழக்கமாகிவிட்டது. முன்னதையும் சேர்த்துச் சொன்னால்தான் பின்னதன் பெருமை விளங்கும். மைசூரின் வரியை வெறுத்த ஒருவர், அதனினும் பெரிய தீங்கு வருவதைக் கண்டு மைசூருடன் கைகோத்தார். சின்னமலையின் தம்பியருள் ஒருவர் கிலேதார் என அழைக்கப்பட்டார். கோட்டைத் தலைவரைக் குறிக்கும் பாரசீகப் பதவிப் பெயர் அது. மைசூர்ப் படைமுறையின் சொல் ஒரு கொங்கு வேளாளர் குடும்பத்தில் ஆட்பெயராகவே குடிபுகுந்துவிட்டது.

1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த பின்னரும் அவ்வுறவு அறுபடவில்லை. 1800 சூன் 3 அன்று கோயமுத்தூரிலிருந்த கும்பினிப் படையைத் தாக்கப் பாளையக்காரர்களும் மைசூர்ப் படையில் பணியாற்றிய முஸ்லிம் வீரர்களும் சேர்ந்து திட்டமிட்டனர். அந்நாள் ஹிஜ்ரி 1215ஆம் ஆண்டின் முஹர்ரம் பத்தாம் நாளை ஒட்டியது. கும்பினிப் படையிலிருந்த முஸ்லிம் சிப்பாய்கள் அந்நாளின் நிகழ்ச்சிகளில் ஈடுபட்டிருப்பர் என்னும் கணிப்பும் அத்திட்டத்தில் இருந்தது. திட்டம் நிறைவேறவில்லை, பலர் தூக்கிலிடப்பட்டனர். அரசரை இழந்த படைவீரரும் நாட்டை இழந்த பாளையக்காரரும் ஒரே கயிற்றில் முடிந்தனர்.

சொற்களில் எஞ்சியவை

1792இல் கும்பினியார் இப்பகுதியைப் பெற்றதும் கேப்டன் அலெக்சாந்தர் ரீடு நிர்வாகத் தலைவராக அமர்த்தப்பட்டார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, பயிரிடுவோரிடம் நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றது. பின்னர் அது சென்னை மாகாணமெங்கும் பரவியது. குடிமக்களைக் குறிக்கும் 'ரஇய்யத்' என்னும் அறபுச் சொல்லே அதன் வேர். தாசில்தார், வசூல், இனாம், கஸ்பா, ஜமாபந்தி முதலிய சொற்களும் அறபு, பாரசீக வழி வந்தவை. ஜமாபந்தி இன்றும் ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் நடைபெறுகிறது.

இவற்றையும் திப்புவின் கணக்கில் எழுதிவிடும் அவசரம் நமக்கு வேண்டா. நில ஆவணங்களில் சூலை முதல் நாளில் தொடங்கும் பசலி ஆண்டு, முகலாயப் பேரரசர் அக்பர் காலத்தில் தோன்றியது. திப்புவோ தம் நாணயங்களில் மௌலூதி என்னும் தனி ஆண்டுக் கணக்கைப் பொறித்தார். அக்கணக்கு அவரோடு மறைந்தது, பசலி நிலைத்தது. பல அரசுகளின் நிர்வாக மொழி ஒன்றோடொன்று கலந்து நம் உழவரின் அன்றாடப் பேச்சாக மாறியதற்கு இச்சொற்கள் சான்று. எந்தச் சமயத்தைச் சேர்ந்த உழவராயினும் தம் நிலத்தைப் பற்றிப் பேசும்போது இச்சொற்களின்றிப் பேசுவதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

சங்ககிரி, நாமக்கல் கோட்டைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்தைத் தடை செய்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுமானத்தை ஒழுங்குபடுத்துகின்றன. மலையுச்சியிலுள்ள பழஞ்சின்னங்களில் புதுச் சுண்ணாம்பு பூசுவதும், பெயர்ப்பலகை நடுவதும், மதிலில் பெயர் கிறுக்குவதும் எந்தச் சமயத்தார் செய்யினும் சான்றை அழிக்கும் செயல்களே. உரிமை நாட்டுவதாக எண்ணிச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் பழைமையின் ஓர் அடையாளத்தைத் துடைத்துவிடுகிறது.

இரண்டாவது கடமை ஆவணங்களைக் காப்பது. ரீடும் அவர்தம் உதவியாளரும் விட்டுச் சென்ற பாராமகால் ஆவணங்கள் 1907 முதல் அச்சேறின. 1883இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும், 1918இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியும் நூலகங்களில் உள்ளன. அரசு அலுவலர் கண்ணால் எழுதப்பட்ட அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடமும் ஆவணங்கள் வேண்டும். பழைய இனாம் பத்திரங்கள், வக்ஃபு ஏடுகள், ஜமாஅத் கூட்டக் குறிப்புகள், அடக்கத்தலக் கல்லெழுத்துகள் ஆகியவற்றைப் படியெடுத்து வைப்பது ஒவ்வொரு மஹல்லாவும் செய்யக்கூடிய பணி. உருதுவும் தமிழும் பேசும் முதியோரின் நினைவுகளைப் பதிவு செய்வதும் அதனைச் சார்ந்ததே. அவற்றைப் படிக்கத் தெரிந்த தலைமுறை குறைந்து வருவதால் இப்பணி காலம் தாழ்த்தத்தக்கதன்று.

மூன்றாவது, நம் பிள்ளைகளை இவ்விடங்களுக்கு அழைத்துச் செல்லும்போது முழுக் கதையையும் சொல்வது. நாமக்கல்லில் அதியமான் குடைவரையையும் காட்டுவோம். உச்சியில் பெருமாள் கோயிலின் அருகே நிற்கும் நம் சிறு கட்டடத்தையும் காட்டுவோம். சங்ககிரியில் சின்னமலையின் நினைவுக்கு வணக்கம் செலுத்திவிட்டுத் தஸ்தகீர் மக்கானுக்கும் செல்வோம். சேலத்தில் ஜாமிஆப் பள்ளியில் தொழுதபின் செவ்வாய்ப்பேட்டையின் கதையையும் மறைக்காமல் கூறுவோம். "எல்லாம் திப்பு கட்டியது" எனக் கேட்டு வளரும் பிள்ளை, ஒருநாள் பிறர் அதனை மறுக்கும்போது விடையின்றி நிற்கும். காலமும் சான்றும் அறிந்து வளரும் பிள்ளை, முப்பத்தோராண்டுகளே நீடித்த ஓர் ஆட்சி இம்மண்ணில் எதை விட்டுச் சென்றது என்பதைத் தயக்கமின்றி எடுத்துரைக்கும்.

நீதியின் மீது நின்று சாட்சியம் கூறுவோராக வல்ல இறைவன் நம்மை ஆக்கியருள்வானாக.